பிளாக் டெஸ்டர்: மலை ஏறும் பழைய வண்டிக்கு இந்த நீல மருந்து எந்த அளவு உதவும்?

கம்பம், போடி, தேவாரம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேஜர், கமாண்டர் என்று எல்லாமே வயதான வண்டிகள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. லோயர் கேம்பிலிருந்து குமுளி வரைக்கும் விடாத ஏற்றம். கம்பம்மெட்டுச் சாலையும் சளைத்ததில்லை. இந்த ஏற்றத்தில் வண்டி சூடாகி ரேடியேட்டர் தண்ணியைக் கக்கிவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் வரும் வார்த்தை ஒன்றுதான்: "ஹெட் கேஸ்கட் போச்சு." மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் கேட்டால் அதையே மலையாளத்தில் "அடிச்சு போயி" என்பார்கள். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அதை மாற்ற உடனே ஹெட்டை இறக்கிவிடுகிறார்கள். கேஸ்கட் செட், லேத்துக் கூலி, இரண்டு மூன்று நாள் ஓட்டம் எல்லாம் போன பிறகு, வெறும் ரேடியேட்டர் மூடிதான் பழுது என்று தெரிய வந்தால் வண்டிக்காரர் யாரிடம் போய்ச் சொல்வார்?

அந்த நஷ்டத்தைத் தடுக்கும் கருவிதான் பிளாக் டெஸ்டர். கம்பஷன் லீக் டெஸ்டர் என்றும் சொல்வார்கள். சிலிண்டரில் எரிந்த புகை ரேடியேட்டருக்குள் கசிகிறதா என்று ஒரு நீல மருந்தின் நிற மாற்றத்தை வைத்துக் காட்டும். ஆன்லைனில் பெயரில்லாத கிட்டுகளே நிறையக் கிடைக்கின்றன. கடைக்குக் கடை விலை மாறினாலும், ஹெட் இறக்கி ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகைதான். தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வாங்க வேண்டும்: ஒழுங்காகச் செய்த சோதனையில் மருந்து மஞ்சளானால் கசிவு இருக்கிறது என்று நம்பலாம், நீலமாகவே இருந்தால் அதை மட்டும் வைத்து இன்ஜினுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. டீசல் ஜீப்புக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

பெட்டிக்குள் இருப்பவை நாலே பொருள்கள். கோடு போட்ட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், ரேடியேட்டர் வாயில் அழுத்தி உட்காரும் ரப்பர் கூம்பு, பிரஷர் பார்க்கும் கருவியில் இருப்பதுபோன்ற ரப்பர் பந்து, ஒரு பாட்டில் நீல மருந்து. சில மலிவு கிட்டுகளில் மருந்து பாட்டில் இருக்காது, படத்தில் மட்டும் இருக்கும். வாங்கும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றை அறைக் குழாய், இரட்டை அறைக் குழாய் என்று இரண்டு வகை உண்டு. இரட்டை அறையே நல்லது. ஈரமும் தெறிப்பும் கீழ் அறையோடு நின்றுவிடும். மேல் அறையில் வரும் நிறம் சுத்தமாக இருக்கும். ஒற்றை அறையும் வேலை செய்யும், கை பழக வேண்டும், அவ்வளவுதான்.

மலிவு கிட்டுகளில் முதலில் பழுதாவது ரப்பர் பந்துக்குள் இருக்கும் வால்வு. பந்தை அழுத்தினால் காற்று வெளியே போக வேண்டும், விட்டால் கீழிருந்து மருந்து வழியாக உறிஞ்ச வேண்டும். வால்வு ஒட்டிக்கொண்டால் எவ்வளவு அழுத்தினாலும் மருந்தில் குமிழி வராது. "நிறம் மாறவில்லை, கேஸ்கட் நல்லாயிருக்கு" என்று தப்பாக முடிவு கட்டிவிடுவோம். பெட்டி வந்ததும் கூம்பின் வாயை விரலால் இறுக்கி மூடி, பந்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். பந்து சப்பையாகவே நின்றால் சரி. உடனே உப்பிக்கொண்டால் எங்கோ காற்று இழுக்கிறது. அந்தக் கிட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மருந்து வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பாதித் தவறு குறையும். நீல நிறம் புரோமோதைமால் புளூ என்ற சாயத்துடையது. அமில கார அளவு 7.6க்கு மேல் இருந்தால் நீலம், 6க்குக் கீழே போனால் மஞ்சள், நடுவில் பச்சை. சிலிண்டரில் எரிந்த புகையில் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். அது மருந்தில் கரைந்து கார்பானிக் அமிலமாகும், நிறம் மாறும். ஆக இந்தக் கருவி கேஸ்கட்டைப் பார்ப்பதில்லை. ரேடியேட்டருக்குள் எரிந்த காற்று வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஹெட்டில் கீறல் இருந்தாலும், பிளாக்கில் கீறல் இருந்தாலும், கேஸ்கட் வெந்திருந்தாலும் வரும் மஞ்சள் ஒன்றுதான்.

கருவியைக் கையில் எடுக்கும் முன் ரேடியேட்டர் மூடியைப் பார்த்துவிடுவது நல்லது. மூடியில் 0.9 என்று அடித்திருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ, பழைய கணக்கில் சதுர அங்குலத்துக்கு சுமார் 13 பவுண்டு அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். அந்த அழுத்தம் தண்ணியின் கொதிநிலையை ஏறக்குறைய 20 டிகிரி உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால் போடியில் சமாளிக்கும் வண்டி மேலே போய்க் கொதிக்கும். போடிமெட்டு 4,000 அடிக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணி 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கேஸ்கட் போன வண்டிக்கும் மூடி போன வண்டிக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றேதான்: தண்ணியைக் கக்கும். முதலில் புது மூடி போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இனி சோதனை.

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகமும் கையும் வெந்துபோகும். அவசரமே கூடாத இடம் இது. ஆறியதும் மூடியைத் திறந்து தண்ணியை வாயிலிருந்து 2, 3 அங்குலம் இறக்க வேண்டும். பெரிய சிரிஞ்சு போதும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தண்ணி சூடானால் விரியும், மேலே ஏறும். இடம் விடாவிட்டால் ரப்பர் பந்து கூலன்டையே உறிஞ்சிவிடும். கூலன்ட் கலந்த மருந்து எந்த நிறம் காட்டினாலும் அதற்கு அர்த்தம் கிடையாது. கொட்டிவிட்டு, குழாயைக் கழுவி, நன்றாகக் காய வைத்து, புது மருந்து ஊற்றி மறுபடி தொடங்க வேண்டும்.

மூடி திறந்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வரும் மேல் ஓஸ் (ரப்பர் குழாய்) நன்றாகச் சூடாகும்வரை ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் வால்வு திறந்தால்தான் ஹெட்டைச் சுற்றும் தண்ணி ரேடியேட்டருக்கு வரும், கூடவே புகையும் வரும். நம் பக்கம் பல ஜீப்புகளில் சூடாகுது என்று வால்வையே கழற்றி எறிந்திருப்பார்கள். அந்த வண்டியில் ஓஸ் சூடாக நேரம் பிடிக்கும், பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். தண்ணி ஏறிவந்தால் மறுபடி கொஞ்சம் எடுத்து 2 அங்குல இடைவெளியைக் காப்பாற்றுங்கள்.

குழாயில் கோடு வரை மருந்து ஊற்றி, கூம்பை ரேடியேட்டர் வாயில் அழுத்தி, லேசாகத் திருகிப் பிடியுங்கள். ஒட்டாமல் நின்றால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். பந்தை நிதானமாக அழுத்தி, முழுதாக உப்பவிட்டு, மறுபடி அழுத்த வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். மருந்தில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்லோவில் கொஞ்ச நேரம், அப்புறம் ஆக்சிலேட்டரைச் சற்று ஏற்றி வைத்துக் கொஞ்ச நேரம். பெட்ரோல் வண்டியில் நல்ல கசிவு இருந்தால் முதல் அரை நிமிடத்திலேயே நீலம் மங்கிப் பச்சையாகும், பிறகு எலுமிச்சை மஞ்சளாகும். குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்தால் மாற்றம் துல்லியமாகத் தெரியும். மாலை வெளிச்சத்தில் நீலத்தையும் பச்சையையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

எங்கே வைத்துப் பார்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மாருதி 800 போன்ற வண்டியில் ஓரமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பா வழியும் தண்ணியைப் பிடிப்பதற்கு மட்டும்தான். அதில் அழுத்தம் கிடையாது. அங்கே கூம்பை வைத்தால் ஒன்றும் தெரியாது. ரேடியேட்டர் வாயில்தான் வைக்க வேண்டும். அழுத்த மூடியே டப்பாவின் மேல் இருக்கும் புது வகை வண்டிகளில் மட்டும் டப்பாவில் வைத்துப் பார்க்கலாம்.

நிறம் மாறவில்லை என்றால் அங்கேயே முடித்துவிடக் கூடாது. மருந்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்சர் முனைப் புகைக்கு மேலே கூம்பைப் பிடித்து நாலைந்து முறை பந்தை அழுத்துங்கள். பெட்ரோல் வண்டிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12, 13 சதவீதத்துக்குக் குறையாது, சட்டென்று மஞ்சளாகும். அங்கேயும் நீலமாகவே நின்றால் மருந்து செத்துவிட்டது. நீங்கள் செய்த சோதனை செல்லாது. இன்னும் எளிய வழி மூச்சுக்காற்று. கூம்புக்குள் மெதுவாக ஊதிக்கொண்டே பந்தை அழுத்துங்கள். நாம் விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உண்டு. வாயால் உறிஞ்சக் கூடாது, ஊத மட்டும்தான்.

மூச்சுச் சோதனையை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? டீசலுக்காக.

டீசல் இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது தேவைக்கு அதிகமான காற்றை உள்ளே இழுக்கிறது, தெளிக்கும் டீசலோ கொஞ்சம். ஆகவே புகையில் கார்பன் டை ஆக்சைடு 2, 3 சதவீத அளவில்தான் இருக்கும். பெட்ரோல் வண்டியில் பார்த்த அந்த எலுமிச்சை மஞ்சளை ஜீப்பில் எதிர்பார்க்கக் கூடாது. மெல்லப் பச்சைக்குத் திரும்பினாலே அதைக் கசிவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பந்தை அழுத்தும் நேரத்தையும் இரட்டிப்பாக்குங்கள். மூச்சுக்காற்றுக்குப் பச்சை காட்டாத மருந்து டீசலுக்கு உதவவே உதவாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டீசல் சிலிண்டரில் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் இருப்பது வெறும் காற்று. பிஸ்டன் அதை நசுக்கும்போதே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டைத் தாண்டும். கேஸ்கட்டில் வழி இருந்தால் எரிவதற்கு முன்னாலேயே அந்தச் சுத்தமான காற்று தண்ணிக்குள் போய்விடும். அதில் கார்பன் டை ஆக்சைடு ஏது? ரேடியேட்டர் வாயில் கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டிருக்கும், மருந்தோ நீலமாகவே நிற்கும். ஜீப்பில் இப்படி வந்தால் மருந்தைவிடக் கொப்புளத்துக்கு மதிப்புக் கொடுங்கள்.

கொப்புளத்தைச் சரியாகப் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. ஆறிய இன்ஜினில் வாட்டர் பம்பை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி ஸ்டார்ட் செய்ய வேண்டும். பம்பு ஓடாததால் தண்ணி அசையாமல் நிற்கும். ஆக்சிலேட்டரை ஏற்றும்போது வரிசையாகக் குமிழி வந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் காற்று. முதலில் வரும் ஓரிரண்டு குமிழி உள்ளே அடைபட்ட காற்றாக இருக்கலாம். ஆக்சிலேட்டருக்கு ஏற்ப விடாமல் வந்தால்தான் கணக்கு. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பம்பு இல்லாத இன்ஜின் ஹெட் பக்கம் வெகு சீக்கிரம் சூடேறிவிடும்.

அதைவிடச் சுலபமான சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. ராத்திரி முழுதும் ஆறிய வண்டியில் காலையில் மூடியைத் திறந்து மூடி, ஸ்டார்ட் செய்து மேல் ஓஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். தண்ணி சூடாகி விரிந்தால்தான் ஓஸ் விறைக்க வேண்டும். ஓஸ் இன்னும் சில்லென்று இருக்கும்போதே ஒரு நிமிடத்துக்குள் கல் மாதிரி விறைத்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். டெஸ்டர் வாங்குகிறவரும் இதைச் செய்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

மலை வண்டிக்கே உரிய பிரச்சினை ஒன்று. சமதளத்தில் ஸ்லோவில் ஓடும்போது ஒட்டியிருக்கும் கேஸ்கட், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் வளைவு ஏறும்போது மட்டும் விடும். ஏற்றத்தில் சிலிண்டர் அழுத்தமும் ஹெட் சூடும் ஒன்றாக ஏறுகின்றன. ஒர்க்‌ஷாப் வாசலில் எத்தனை முறை சோதித்தாலும் அந்த வண்டி நீலமே காட்டும். வண்டியை நாலைந்து வளைவு ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து, மூடியைத் தொடக்கூடிய சூட்டுக்கு ஆறியபின் மேலே துணி போட்டு முதல் பல்லுக்கு மட்டும் திருப்பி அழுத்தத்தை வெளியேற்றி, உடனே தண்ணியை இறக்கிச் சோதித்தால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் நீலமாக இருந்து, ஏற்றத்தில் மட்டும் தண்ணி கக்குவது நிற்கவில்லை என்றால் கருவி எட்டாத இடத்துக்கு வந்துவிட்டோம். அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மஞ்சள்பொடி பற்றி ஒரு எச்சரிக்கை. ரேடியேட்டரில் ஊசித்துளைக் கசிவு என்றால் ஒரு கை மஞ்சள்பொடியைப் போட்டு ஓட்டுவது நம் ஊரில் பழைய வழக்கம், அவசரத்துக்குக் கை கொடுக்கவும் செய்யும். அந்தத் தண்ணி ஒரு துளி மருந்துக்குள் தெறித்தாலும் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ கலங்கும். கேஸ்கட்டே போகாத வண்டியையும் போனதாக அது காட்டிவிடும். மஞ்சள்பொடியோ கசிவடைக்கும் பொடியோ போட்ட வண்டி என்றால் தண்ணி தெளிவாக வரும்வரை நன்றாக அலசி, நல்ல தண்ணி நிரப்பி, அப்புறம்தான் சோதனை. மருந்துக்குப் பதில் பள்ளி ஆய்வகத்துச் சாயத்தை போர் தண்ணியில் கரைத்துப் பயன்படுத்தும் யோசனையும் வேண்டாம். உப்புத் தண்ணியில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும், நிறம் மாற வேண்டிய நேரத்தில் மாறாது.

டெஸ்டர் பார்க்காதவை என்னென்ன? கேஸ்கட் பல இடத்தில் போகும். சிலிண்டரிலிருந்து தண்ணி வழிக்குப் போனால் மட்டும் மருந்து பிடிக்கும். தண்ணி ஆயிலில் கலந்தால் பிடிக்காது. இரண்டு சிலிண்டருக்கு நடுவே போனால் பிடிக்காது. வெளியே கசிந்தாலும் பிடிக்காது. ஆயில் குச்சியில் காபி நிறத்தில் நுரைத்துப்போன ஆயிலைப் பார்த்துவிட்டால் மருந்து நீலமாக இருக்கிறதே என்று சமாதானம் ஆகக் கூடாது. அதே நேரம், ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் வெண்ணெய் மாதிரி படிந்து குச்சியில் ஆயில் சுத்தமாக இருந்தால் பதற வேண்டாம். தென்மேற்கு மழைக்காலத்தில் குமுளி, நெடுங்கண்டம் பக்கம் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் இப்படித்தான் படியும். காலைக் குளிரில் சைலன்சரில் வரும் வெள்ளை ஆவியும் அப்படியே. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல், கூலன்ட் வாசனையோடு வந்தால்தான் கவலை.

இந்த மற்றக் கசிவுகளுக்கு கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்டர் வேண்டும். ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் கையால் பம்பு அடித்து 15 நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கி, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் தண்ணி உள்ளே போகிறது. பெட்ரோல் வண்டியில் அழுத்தத்தோடு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் எந்த ஓட்டையிலிருந்து தண்ணி பீச்சுகிறதோ அதுதான் சிலிண்டர். கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல வெள்ளை வெளேரென்று இருக்கும். டீசலில் சந்தேகம் வந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. சிலிண்டரில் நின்ற தண்ணியை நசுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாசிலையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றுங்கள்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜும் உதவும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் சேர்ந்து குறைவாகக் காட்டினால் நடுவில் கேஸ்கட் வெந்திருக்கிறது. 300 பவுண்டு வரை காட்டும் பெட்ரோல் கேஜை டீசலில் மாட்டாதீர்கள், கேஜ் போய்விடும்.

ஒரு கிட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால்? மாருதி, ஓம்னி என்று பெட்ரோல் வண்டி அதிகம் வரும் ஒர்க்‌ஷாப்புக்கு பிளாக் டெஸ்டர் முதலில். தோட்ட ஜீப்பு மட்டும் பார்ப்பவர் பிரஷர் டெஸ்டரை முதலில் வாங்கட்டும். ஓஸ், வாட்டர் பம்பு, ரேடியேட்டர் கசிவுக்கும் அதுவே ஆகும்.

மஞ்சள் வந்து ஹெட்டை இறக்கியாகிவிட்டது என்றால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். கேஸ்கட் தானாக வேகாது. பெரும்பாலும் தண்ணி குறைந்து, ஃபேன் ஓடாமல், ஹெட் சூட்டில் வளைந்துதான் அது போகும். நேர்ச் சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இலைகள்) வைத்து, ஹெட் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் என எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும். சுசுகியின் சின்னப் பெட்ரோல் இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் இலை நுழைந்தால் லேத்தில் ஃபேஸ் செய்தாக வேண்டும். வெட் லைனர் இன்ஜினில், அதாவது தண்ணி நேரே படும்படி தனிச் சிலிண்டர் குழாய் (லைனர்) சொருகிய இன்ஜினில், லைனர் பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதையும் அளக்க வேண்டும். எல்லா லைனரும் ஒரே உயரத்தில் இல்லையென்றால் புதுக் கேஸ்கட்டும் அடுத்த ஏற்றத்திலேயே போய்விடும். கீறல் சந்தேகம் இருந்தால் லேத்திலேயே ஹெட்டுக்குத் தண்ணி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று தவணையாக, டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவல் அளவுக்கு முறுக்க வேண்டும்.

ஏற்றி முடித்ததும் காற்றை முழுதாக வெளியேற்றி, ஒரு முறை மலை ஏறி இறங்கி, ஆறிய பிறகு பிளாக் டெஸ்டரை மறுபடி வைத்துப் பாருங்கள். வேலை சரியாக முடிந்ததை வண்டிக்காரருக்குக் கண்ணெதிரே காட்டும் சோதனை இது. கருவியின் மதிப்பில் பாதி இங்கேதான் இருக்கிறது.

மருந்தைப் பராமரிப்பதில் பெரிய வேலை இல்லை. லேசாகப் பச்சையானது வெளிக்காற்றை விட்டுப் பந்தை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் நீலத்துக்குத் திரும்பும், ஆனாலும் ஒரு வண்டிக்குப் பயன்படுத்தியதைப் பாட்டிலில் திரும்ப ஊற்றக் கூடாது. பாட்டிலை இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் வைத்து, திறந்த தேதியை மேலே எழுதி வையுங்கள். குழாயை நல்ல தண்ணியில் மட்டும் கழுவுங்கள். சோப்பு எச்சம் காரம், அடுத்த சோதனையில் மஞ்சளாக வேண்டிய மருந்தை நீலமாகவே பிடித்து வைத்துவிடும்.